இதர செலவு

மார்ச் முப்பத்தொன்று, இரவு ஒன்பதே கால்.
முக்கூடலில் கரண்ட் இல்லை.
எதிர்வீட்டு வாசலில் சொளவை மடியில் வைத்து
இருட்டிலும் பீடி சுற்றுகிறார்கள்.
விரலுக்கு வெளிச்சம் வேண்டாம்.
எனக்கு வேண்டும்.
டம்ளரில் சாய்த்த செல்போன் வெளிச்சத்தில்
கூட்டிப் பார்க்கிறேன்:
மூவாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய்
எந்தத் தலைப்பிலும் அடங்கவில்லை.

நாற்பத்தொரு வீடு,
ஆற முடியாத நோவோடு படுத்திருப்பவர்கள்.
ஒரு ஆம்னி வேன். நர்ஸ் ஜெபக்கனி.
டிரைவர் முப்பிடாதி அண்ணன்.
அரைச் சம்பளத்துக்கு நான்.
அறக்கட்டளை என்று பலகையில் எழுதியிருக்கிறது;
மழைக்கு 'அற' அழிந்து வெறும் கட்டளை நிற்கிறது.

முப்பிடாதி அண்ணன் கணக்கு எழுதுவது
பீடி லேபிளின் பின்பக்கம்.

"அரியநாயகிபுரம். நுங்கு, அறுபது.
வேற எதுவும் தொண்டையில எறங்கல."

"பாப்பாக்குடி. பூட்டு, நூற்றுப் பத்து.
மகன்காரன் உள்ள வச்சிப் பூட்டிட்டுப் போய்ட்டான்.
நாம ஒடச்சதுக்குப் பதில்."

"இடைகால். மாலை, நூற்றைம்பது.
ரசீது கேக்க வாய் வரல."

ஆடிட்டர் கோமதிநாயகம் நல்ல மனிதர்.
ஆறு வருடமாகக் காசு வாங்கியதில்லை,
காப்பி மட்டும், சீனி இல்லாமல்.
"எம்மா, ரசீது இல்லாத செலவு
செலவே இல்ல, பாத்துக்கோ" என்பார்.
பத்து ரூபாய்ச் சந்தாவையும் விடச் சொன்னார்:
ரசீது அச்சடிக்கவே ஒன்றே முக்கால்,
வாங்கி வர நடக்கும் நடை வேறு.
சரிதான்.
ஆனால் சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு
செல்லக்கனி அக்கா வந்து நிற்கிறாள்,
புகையிலைத் தூள் ஒட்டிய பத்து ரூபாயோடு.
ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்த பிறகுதான்
"டீசல் இப்ப என்ன வெல விக்கி?" என்று கேட்கிறாள்.
கேட்கும் உரிமைக்குத்தான்
அந்த ஒன்றே முக்கால்.

டாக்டர் ஞானதிரவியம் இருந்தவரை
எல்லாம் அவர் சட்டைப்பையில் இருந்தது.
கணக்கு, சாவி, நன்கொடைக்காரர் நம்பர்,
செக்கில் போடும் ஒரே கையெழுத்து.
அவர் போன பின்பு
பதினொரு நாள் வேன் நகரவில்லை.
பேங்கில் பணம் இருந்தது.
சிங்கம்பாறையில் ஒருவர்
மருந்து வராமல் தலையணையைக் கடித்துக் கிழித்தார்.
அதை நான் எந்தப் பக்கத்தில் எழுத?
வரவா, பற்றா?
இப்போது கையெழுத்துக்கு மூன்று பேர்,
எவராவது இருவர் போதும்.
அந்தத் தீர்மானத்தை
மினிட்ஸ் நோட்டில் நான்தான் எழுதினேன்,
நாலு வரி. பேனா இரண்டு முறை நின்றது.

கல்குவாரிக்காரர் தை மாதம் வந்தார்.
"மாடி எடுத்துத் தாரேன், எங்கப்பா பேரைப் போடுங்க."
ஏழு அறங்காவலரில் ஐந்து பேர்
அப்போதே மாடிக்கு ஏறிவிட்டார்கள்.
ஜெபக்கனி பஞ்சைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்:
"எந்தச் சீக்காளி சார் படி ஏறுவாரு?"
இரண்டு வருட டீசலும்
இரண்டு பேர் சம்பளமும் தாருங்கள் என்றோம்.
டீசலில் பேர் எங்கே பொறிக்க, என்றார்.
யோசித்துச் சொல்கிறேன் என்றார்.
பங்குனியும் பாதி போயிற்று.
மூன்று மாதச் சம்பளத்துக்கு என்று
தொடாமல் வைத்த வைப்பு நிதியில்
ஒரு மாதம் கரைந்திருக்கிறது.

கரண்ட் வந்துவிட்டது.
ஃபேன் சுற்றி லேபிள்கள் பறக்கின்றன,
பூட்டின் மேல் ஸ்டேப்ளரை வைக்கிறேன்.
நாளைய புது லெட்ஜரில்
'இதர' என்று எழுதப் போவதில்லை.
'பூட்டு, நுங்கு, மாலை' என்றே ஒரு தலைப்பு.
ஆடிட்டர் சிவப்பு மையால் அடிப்பார்.
அடிக்கட்டும், அடித்ததும் தெரியும்படி இருக்கும்.

இன்னும் பத்து ரூபாய் உதைக்கிறது.
மேலிருந்து மறுபடி கூட்டுகிறேன்.